கமிஷனுக்காகக் கழுவிய லெவல்

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் நிற்கும் இடத்தில் மணி அடிக்கிற சுகமான வேலையை விட்டுவிட்டு, பாறை துளைக்கிற வேலைக்கு ஏன் போனாய் என்று பிள்ளைகள் நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதினால் கோணலாகத்தான் வரும். ஆனாலும் எழுதிவைக்கிறேன். அது ஒரு கமிஷனால் வந்தது.

எங்கள் காலத்தில் கமிஷன்கள் நிறைய வந்தன. மாநிலங்களைப் பிரிக்க ஒன்று வந்தது. அது முடிந்தபோது தங்கச் சுரங்கத்துத் தமிழர்கள் நாங்கள் மைசூர் ராஜ்யத்தோடேயே நின்றோம். சம்பளத்தைப் பார்க்க ஒன்று. சர்க்கார் ஆபீஸ்களில் வேலை ஏன் நகரவில்லை என்று பார்க்க ஒன்று. ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் யாராவது பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்கள், நாங்கள் சுற்றி நின்று கேட்போம். நான் ஒவ்வொன்றையும் நம்பினேன். வெள்ளைக்காரக் கம்பெனி போய்ச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்துவிட்டது, இனி நம் குறையை நம் ஆட்களே கேட்பார்கள் என்று நினைத்தேன்.

உங்கள் பெரியப்பா அப்போது ஆழத்தில் டிரில் பிடித்துக்கொண்டிருந்தார். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டால் பிறகு எழுந்திருக்காது. அண்ணனுக்கு உட்கார்ந்துவிட்டது. படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார். இவரை மேலே ஏதாவது வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று டாக்டரே சொன்னார். அவர் சொன்னால் போதாதாம். மனு பெங்களூருக்குப் போய், டெல்லிக்குப் போய், அங்கே கேட்ட ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. பதில் எழுதினோம். மறுபடியும் போனது. வேலையை விட்டால் சுரங்கம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். அண்ணியும் பெண் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? ஆகவே அண்ணன் தினமும் கேஜில் இறங்கினார். இந்த மனுஷன் உயிரோடு மேலே வருகிறாரா என்று நான் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு கமிஷன் வருகிறது என்றார்கள். சர்க்கார் தொழில்களில் எந்தக் காரியம் யார் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது என்று பார்த்து நிர்வாகத்தைச் சீர்திருத்துவார்களாம். சுரங்கத்துக்குள்ளும் இறங்குவார்கள், சாயங்காலம் ஹாலில் தொழிலாளிகள் பேசலாம்.

அண்ணனின் மேஸ்திரி டீக்கடையில் இதைக் கேட்டுச் சிரித்தார். "போன கமிஷன் சொன்னத இன்னாத்துக்கு செய்யலன்னு கேக்க இந்த கமிஷன் வருதுப்பா. இது சொல்றத கேக்க இன்னொன்னு வரும். நீ டீய குடி."

"இவங்க கீழ எறங்குறாங்கண்ணே. தூசிய கண்ணால பாப்பாங்க இல்ல?"

"பாத்தா சரி," என்றார்.

நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். "ண்ணா, நீ ஒன்னும் பேச வாணாம். அவங்க எதிர்ல இரும்புனா போதும்," என்றேன்.

அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே, "அதுக்கு இவருக்கு சொல்லிக் குடுக்கணுமா?" என்றார். மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பூமிக்கடியில் நாங்கள் வேலை செய்யும் தளத்தை லெவல் என்போம். கமிஷன் வந்த அன்று காலையில் நான் கேஜை விட்டு இறங்கியதும், இது நம் லெவல்தானா என்று திகைத்துப் போனேன். தரையும் பாறையும் கழுவியிருந்தது. சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தது. வருகிறவர்களின் பூட்ஸ் வழுக்காமல் இருக்க வழியெல்லாம் மணல் தூவியிருந்தது. காற்று மழை விட்ட பிறகு இருப்பதுபோல் இருந்தது. வெள்ளைக்காரத் துரை இறங்கினால் லெவலைக் கழுவி வைப்பது பழைய வழக்கம். துரைகள் போய்விட்டார்கள், வழக்கம் போகவில்லை. முந்தின ஷிஃப்ட் ஆட்கள் தாங்களாகவே ஹோஸ் பைப்பை இழுத்துவந்து கழுவியிருக்கிறார்கள். அந்த வாரம் அந்த ஷிஃப்டில் இருந்த அண்ணனும் அதில் ஒருவர். ஷிஃப்ட் முடிந்தும் மேலே போகாமல், துவைத்த சட்டையும் விபூதியுமாக வரிசையில் நின்றார்.

"இன்னாண்ணே இது?"

"எப்டி கீது? நம்ம எடத்த பாத்து மூக்க பொத்திக்கினு போவக் கூடாதுடா."

நான் பதில் சொல்வதற்குள் கேஜ் வந்துவிட்டது. கமிஷனில் வயதானவர் ஒருவர் சுவரைத் தொட்டு விரலைப் பார்த்தார். விரலில் சுண்ணாம்புதான் இருந்தது. பிறகு அண்ணனுக்கு எதிரில் வந்து நின்று அந்தப் பெரியவர் ஏதோ கேட்டார். கூட வந்த ஆபீசர் அதைத் தமிழில் சொன்னார்: "கஷ்டம் ஏதாவது இருக்கா?"

அண்ணன் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது. "ஒன்னும் இல்லீங்க. எல்லாம் நல்லா கீது," என்றார். பெரியவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"ஐயா, தினமும் இப்டி இருக்காதுங்க," என்று நான் மணிக் கயிற்றுப் பக்கத்திலிருந்தே சொன்னேன்.

"ஹால்ல வந்து சொல்லுங்க," என்றார் ஆபீசர்.

போனேன். பெரியவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"நீங்கள் சொல்வது காலையில் நாங்கள் பார்த்த லெவல்தானே?" என்று ஆபீசர் மூலமாகக் கேட்டார்.

"ஆமாங்க."

"அங்கே தூசியே இல்லையே. உங்கள் அண்ணனும் ஒரு குறையும் சொல்லவில்லையே."

"அது கழுவி வெச்சதுங்க."

"யார் கழுவச் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "யாரும் சொல்லலீங்க," என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அன்று அண்ணன் வீட்டில் நான் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். "ஏண்ணே, ஒரு தடவ இருமினா இன்னா போச்சு?"

அவர் வெகுநேரம் இருமினார். அடங்கிய பிறகு, "அவ்ளோ பெரிய மனுசன் மூஞ்சில எப்டிடா இரும்புறது?" என்றார். அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சில மாதம் கழித்து டீக்கடைப் பேப்பரில் வந்தது. சீக்காளிகளை மேல் வேலைக்கு மாற்றும் விஷயத்தை வேறொரு கமிட்டி ஆராயும் என்று போட்டிருந்தது. அதற்குள் அண்ணன் கேஜிலிருந்து வேலை செய்யும் இடம் வரைக்கும் நடக்க மூன்று இடத்தில் உட்கார ஆரம்பித்திருந்தார். நான் மேஸ்திரியின் வீட்டுக்குப் போய் அழுதேன்.

அவர் என்னை உட்காரவைத்தார். "மேல அனுப்ப என்னால ஆவாது. ஆனா கேஜ் கிட்ட நல்ல காத்து வருது. அண்ணனும் தம்பியும் ஒரே ஷிஃப்ட்ல வந்து எடம் மாத்திக்கினா, நான் பாத்தும் பாக்காத மாதிரி இருப்பேன். டெல்லில எவனுக்கும் தெரியாது," என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் உங்களில் சின்னவனை இடுப்பில் வைத்திருந்தாள்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு நெஞ்சு போனா போதாதா?" என்று கேட்டாள்.

மறுநாள் சோற்றுத் தூக்கை என் கையில் கொடுக்காமல் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனேன். கீழே லெவல் எப்போதும்போல் காய்ந்து கிடந்தது. அண்ணன் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன்.