விளக்கு வைக்கும் நேரத்து ஆட்டம்

எங்கள் வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். காரைக்குடியில் வழி கேட்பவர்களுக்கு அதைத்தான் அடையாளம் சொல்வார்கள். பங்காளிகள் எல்லாரும் சென்னைக்கும் மலேயாவுக்கும் போய்விட, நான் மட்டும் பின்கட்டில் இருந்தேன். அறுபதுகளின் கடைசியில் முன்பகுதியைக் கிளப்புக்கு வாடகைக்கு விட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வாசலில் மாட்டிய பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கல்யாணக் கூடத்தில் வலை கட்டி இறகுப்பந்து ஆடினார்கள். மட்டையில் படும் ஒவ்வொரு சத்தமும் மேலே போய், கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ அடித்ததுபோலத் திரும்பி வரும்.

கூடத்துக்கு அந்தப் பக்கம் சாமி அறை. கல்யாணமாகாமல் எங்கள் வீட்டில் இறந்துபோன ஒரு பெண்ணுக்கு வருடா வருடம் புதுச்சேலை வைத்துப் படைப்போம். சேலைப் பேழை அங்கேதான் இருக்கும். சாவி என் இடுப்பில். தினமும் விளக்கு வைக்க ஆட்டத்துக்கு நடுவேதான் போவேன். ஓரமாக ஒதுங்கிப் போக எனக்குத் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் என் கொழுந்தனார் சென்னையிலிருந்து வந்தார்.

"ஆச்சி, மட்டை, வலை வைக்க அந்த அறையையும் கேக்குறாக. பேழையக் கோயில்ல வச்சுக்குவோம். சாவியக் குடுங்க."

"அவ பொறந்த வீடு இது. அவ எங்குட்டுப் போவா?"

"செத்தவளுக்கு எதுக்கு ஆச்சி ரூமு?"

"விளக்கு வச்சுட்டு வாரேன், இருங்க" என்றேன். அவர் ஆட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

நான் பாதிக் கூடம் கடந்திருப்பேன். பாங்குக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வெளியூர்க்காரர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். பந்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஆச்சி, இன்னைக்குத் துணைக்கு ஆளோட வந்திருக்கீங்களா? அவங்களையும் சட்டுன்னு கடக்கச் சொல்லுங்க. கரண்டு போயிரும்."

மற்றவர்கள் என் பின்னால் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

"யாருய்யா?" என்றார் ஒருவர்.

"இந்தா, தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்குதே, அந்தப் பொண்ணு."

நீட்டிய கையை அவர் மெல்ல இறக்கிக்கொண்டார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் வீட்டில் என் பின்னால் யார் வந்தால் எனக்கென்ன? அறையைத் திறந்து, இன்னொருத்தி நுழைய இடம் விட்டு ஒதுங்கி நின்றேன். அப்புறம் விளக்கை ஏற்றினேன்.

வெளியே வந்தபோது கொழுந்தனார் எழுந்து நின்றிருந்தார். சாவியை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும் ஆச்சி."

அதன்பிறகு நான் வந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். நான் கடந்து முடித்ததும் உடனே ஆரம்பிக்க மாட்டார்கள். இன்னொருவர் கடக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.