அப்பாவின் காய்ச்சலும் என் சிவப்புக் கோடும்

ஆய்வுகூடத்தில் முதன்முதல் சரியாக வந்த தங்கக் கரைசலில் கொஞ்சத்தைச் சின்னப் போத்தல் ஒன்றில் விட்டு வேலணைக்குக் கொண்டு வந்தேன். அப்பாவுக்குக் காட்டவேண்டும் என்று ஆசை. அவர் வயலால் வந்து கால் கழுவிவிட்டு, குசினி வாசலில் நின்றபடி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மாதுளம்பழச் சாறு மாதிரியெல்லோ கிடக்கு. தங்கம் எங்கை?"

"இதுதான் அப்பா தங்கம். கண்ணுக்குத் தெரியாத துணிக்கையள். அவ்வளவு சின்னனாப் போனால் மஞ்சளா இராது, சிவந்திடும்."

"கொம்மாவின்ர காப்பை உன்னட்டைத் தரவே கூடாது" என்றார். உள்ளே அம்மா சிரித்தது கேட்டது.

என்னுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு எலிக்காய்ச்சலைப் பற்றியது. மாரியில் வயல் வெள்ளத்துக்குள் நிற்பவர்களுக்கு, எலியின் சிறுநீரால் தண்ணீரில் கலந்த கிருமி காலில் உள்ள கீறல் வழியாக ஏறிவிடும். ஒரு சொட்டு இரத்தத்தைக் கடதாசிப் பட்டியில் விட்டால், காய்ச்சல் அதுதானா என்று அந்த இடத்திலேயே சொல்லவேண்டும். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதைப் போன்ற பட்டி. அதில் தெரிகிற சிவப்புக் கோட்டைப் போடுவது தங்கத் துணிக்கைகள்தான். நெடுந்தீவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இரத்தம் படகேறி யாழ்ப்பாணம் போய், முடிவு திரும்பி வரும்வரை காத்திருக்கவேண்டும். அதை மாற்றவேண்டும் என்றுதான் நான் தொடங்கினேன்.

ஆய்வின் மூன்றாம் வருட மாரியில் அப்பாவுக்கே காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று மூலிகைக் குடிநீர் குடித்துக்கொண்டு கிடந்தார். நான் வீட்டுக்கு வந்தபோது அவருடைய கண் இரண்டும் சிவந்திருந்தன. கெண்டைக்காலைத் தொட்டேன். "ஐயோ, தொடாதை பிள்ளை" என்று கத்தினார். வாசித்து வாசித்து மனப்பாடமாயிருந்த அறிகுறிகள் எல்லாம் என் அப்பாவின் உடம்பில் இருந்தன. உடனே ஓட்டோ பிடித்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டொக்டர் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. இரத்தத்தை அனுப்பிவிட்டு அப்போதே ஊசி மருந்தைத் தொடங்கினார். அடுத்த நாள் கொஞ்சம் தெளிந்ததும் அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"உன்ர பட்டியில ஒண்டு கொண்டு வந்து பாரன்."

"ஏலாது அப்பா. அது இன்னும் சரி பார்க்காத பட்டி. பொய் சொன்னாலும் சொல்லும்."

"பொய் சொல்லுறதுக்கே இவ்வளவு காலம் படிச்சனி?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். "அது இல்லை எண்டு காட்டினால் நீங்கள் மருந்தை நிப்பாட்டச் சொல்லுவியள். அது ஓம் எண்டு காட்டினாலும் டொக்டர் நம்பேலாது" என்றேன். அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பி, "மகள் காய்ச்சலுக்குத்தான் படிக்கிறா. ஆனா தேப்பனிலை பரீட்சிக்க மாட்டாவாம்" என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது.

அந்த வாட்டில் காய்ச்சலோடு வருகிறவர்களிடம் ஆய்வுக்கு இரத்தம் கேட்பது எங்கள் குழுவில் இருந்த ஒரு தாதி. மகள் என்பதால் நான் கிட்ட நிற்கக்கூடாது. வெளியே விறாந்தையில் நின்றேன். அப்பாவின் குரல் கேட்டது.

"இதாலை எனக்கு ஏதும் நன்மை இருக்கே?"

"இல்லை ஐயா. பிறகு வாற ஆக்களுக்கு உதவலாம். விருப்பமில்லாட்டில் வேண்டாம் எண்டு சொல்லலாம்."

"அப்ப எடும்."

அது எலிக்காய்ச்சல்தான் என்று யாழ்ப்பாணத்திலிருந்து முடிவு வந்தபோது அவர் எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். இந்தக் காய்ச்சல் தாக்கக்கூடிய சிறுநீரகமும் தப்பியது. அவருடைய இரத்தம் இலக்கம் மட்டும் ஒட்டிய குப்பியாக, மற்றக் குப்பிகளோடு ஆய்வுகூடத்துக்கு வந்தது. அவற்றில் எது அவருடையது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் அவருடையதாக நினைத்துத்தான் தொட்டேன்.

என் பட்டி பலரின் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது. காய்ச்சல் தொடங்கிய உடனே வந்தவர்களில் சிலரைத் தவறவிட்டது. இரண்டையும் ஆய்வேட்டில் எழுதினேன்.

ஆய்வை எல்லோர் முன்னிலையிலும் விளக்கிய நாளில் அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தார். எல்லாம் இங்கிலிசில் நடந்தது. பட்டம் தரலாம் என்று பரீட்சகர்கள் சொன்னபோது மற்றவர்கள் கை தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டினார்.

திரும்பி வரும் பஸ்சில் கேட்டார். "கண்ணாடி போட்ட மனிசி உன்னை விடாமல் கேட்டா. என்னவாம்?"

"முதல் நாளிலை வாற ஆக்களுக்குக் கோடு ஏன் விழேல்லை எண்டு. கிருமியை எதிர்க்க உடம்பு ஒரு பொருளை உண்டாக்கும். என்ர பட்டி அதைத்தான் தேடுது. அது வர நாள் எடுக்கும்."

"கிருமியையே தேடினால் என்ன?"

"தேடலாம். ஆனா ரத்தத்திலை அது கொஞ்சந்தான் இருக்கும், பிடிக்கிறது கஷ்டம். இனித்தான் செய்து பார்க்கவேணும்."

"செய். இப்ப கொஞ்சம் நித்திரையைக் கொள்ளு. முகம் வாடிப் போய்க் கிடக்கு."

யன்னல் பக்கத்தை எனக்கு விட்டுத் தள்ளி இருந்தார். பண்ணைப் பாலம் தாண்டியது மட்டும் நினைவிருக்கிறது. மண்டைதீவுச் சந்தியில் ஆட்கள் ஏறி இறங்கியதெல்லாம் எனக்குத் தெரியாது. வேலணையில் தோளைத் தட்டி எழுப்பினார். என் பை அவருடைய மடியில் இருந்தது.