ரஷ்யச் சிப்பாய்களும் என் ஆறாம் வகுப்பும்

எதுவரை படித்தாய் என்று கேட்கிறவர்களிடம் ஏழாவது பாதி வரை என்று சொல்வேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், ரஷ்யாவின் ஜனாதிபதி தன் படையைக் குறைத்துவிட்டார், அதனால்தான் என்பேன். லாரி ஷெட்டிலும் பனியன் கம்பெனியிலும் ஏலக்காய்த் தோட்டத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன். எல்லா இடத்திலும் சிரித்தார்கள். ஒரு மேஸ்திரி மட்டும், "பெரிய எடத்துப் பகை போலிருக்கு" என்றார். நான் சொன்னது பொய்யில்லை. கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன், அவ்வளவுதான்.

மஞ்சூருக்குக் கீழே ஒரு சரிவில் எங்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருந்தது. அதை ஒட்டிப் பெரியப்பாவுக்கு ஒன்றேகால் ஏக்கர். அந்தக் கால் ஏக்கரால் அவர் எங்களைவிட விவரமானவர் என்று குடும்பத்தில் ஒரு முடிவு இருந்தது. அவரும் அதை மறுத்ததில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்தைக் கிள்ளி, எடை போடும் கொட்டகையில் கொடுப்போம். லாரி வந்து ஃபேக்டரிக்கு ஏற்றிப்போகும். இந்த மாதம் கொடுத்ததற்கு அடுத்த மாதம்தான் விலை சொல்வார்கள். அதாவது, முதலில் விற்றுவிடுவோம், பிறகு என்ன விலைக்கு விற்றோம் என்று தெரிந்துகொள்வோம். நடுவிலிருக்கும் ஒரு மாதம் மனிதரைச் சும்மா இருக்க விடாது. எந்தச் செய்தி வந்தாலும் அதற்குள் கொழுந்து விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்கள். எங்காவது புயல் என்றால் கப்பல் நிற்குமா என்பார்கள். எங்காவது தேர்தல் என்றால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் டீ குடிப்பார்களே என்பார்கள். எங்கள் மலை டீயை நிறைய வாங்குவது ரஷ்யா என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே குளிர் அதிகம் என்பது மட்டும் தெரியும், அதில் எல்லாருக்கும் திருப்தி.

அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். விலை நன்றாக இருந்த வருடம் அது. அதனால் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்திருந்தது. என்னை ஆறாவதுக்கு ஊட்டியில், விடுதியுள்ள ஒரு பள்ளியில் சேர்க்க வேண்டும். பொங்கலுக்கு முன்னால் முன்பணம் கட்டினால்தான் இடம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் போவதென்று முடிவு செய்து, வெள்ளைச் சட்டையைத் துவைத்தும் வைத்துவிட்டார்.

எனக்கு அந்த ஆசை இல்லை. பெரியப்பா மகன் ஏற்கெனவே அந்த விடுதியில் இருந்தான். தீபாவளிக்கு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னான். காலை ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல். தொட்டியில் தண்ணீருக்கு மேலே பனி ஏடு கட்டியிருக்கும், மக்கால் உடைத்துவிட்டு மொள்ள வேண்டும். அழுதால் இன்னொரு மக்கு. அதன்பிறகு உப்புமா. அவன் சொன்னதில் என்னை அதிகம் பயமுறுத்தியது பனியா உப்புமாவா என்று இப்போது நினைவில்லை. அன்றிலிருந்து கொழுந்து விலை விழ வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுவந்தேன். ஊர் முழுக்க ஒன்றைக் கேட்கும்போது நான் ஒருவன் மட்டும் அதற்கு நேர்மாறாகக் கேட்டது அம்மனுக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் கொட்டகையில் லாரிக்காகக் காத்திருந்தோம். பனியில் செடியெல்லாம் கருகிய சமயம், மூட்டைகள் சின்னதாக இருந்தன. அப்பா, அம்மா, பெரியப்பா, பக்கத்துத் தோட்டத்துச் சிலோன் மாமா, இன்னும் நாலைந்து பேர். சிலோன் மாமா எங்களுக்கு உறவில்லை. சிலோனில் பிறந்து, கொழுந்து பறித்து, கப்பலேற்றி அனுப்பப்பட்டு இங்கே வந்தவர். தேயிலை விஷயத்தில் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு.

பஸ்ஸில் பேப்பர் வந்தது. எடை போடும் கிளார்க் அதை விரித்து உரக்கப் படித்தார். உலகத் தலைவர்கள் எல்லாரும் கூடிய சபையில் ரஷ்ய ஜனாதிபதி பேசினாராம். இனி யாரையும் மிரட்டப் போவதில்லை, படையிலிருந்து லட்சக்கணக்கான பேரைக் குறைக்கப் போகிறோம் என்றாராம். தலைவர்கள் வெகுநேரம் கை தட்டினார்களாம்.

எங்கள் கொட்டகையில் யாரும் கை தட்டவில்லை.

"போச்சு" என்றார் பெரியப்பா.

"ஏனுங்க, சண்டை வேண்டாம்னுதானுங்களே சொல்லியிருக்காரு?" என்றார் அப்பா.

"அட, பட்டாளம்னா என்னடா தம்பி? வேளாவேளைக்கு டீ. அதுக்குத்தான் இங்கிருந்து கப்பல் கப்பலா போவுது. அத்தன பேரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டா நம்ம டீயை யாரு குடிப்பா? அந்தத் தலைவருங்க குடிப்பாங்களா? கை தட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க."

எனக்கு நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. உலக சமாதானத்தை அந்த நிமிடத்தில் என்னைப்போல் விரும்பியவர்கள் அந்தச் சபையில்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

சிலோன் மாமா விளக்கை ஊதி அணைத்தார். "நீங்க சொல்றது தப்பு அண்ணே. சிலோன்ல லயத்து வரிசை வீட்டுல பாத்திருக்கேன். ஒரு ஆம்பள வேலை முடிஞ்சு வந்தா தேத்தண்ணி ஒரு கோப்பையா நிக்கும்? பொஞ்சாதிக்கு ஒண்ணு, புள்ளைகளுக்கு ஒண்ணு, யாரு வந்திருக்கான்னு எட்டிப் பாக்குற பக்கத்துக் காம்பராக்காரனுக்கு ஒண்ணு. ஒரு சிப்பாய் ஊட்டுக்குப் போனா நாலு கோப்பை. வெலை ஏறும், எழுதி வச்சுக்கங்க."

கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. நாலு கோப்பை என்றதும் லட்சத்தை நாலால் பெருக்க ஆரம்பித்தார்கள். அப்பாவின் முகம் தெளிந்தது. எனக்குத் தொட்டித் தண்ணீரின் சத்தம் கேட்டது.

அதுவரை மூட்டைமேல் உட்கார்ந்து பேசாமலிருந்த அம்மா வாயைத் திறந்தாள். "இவன் பட்டாளத்துல இருந்தப்ப அவ குடிக்காமயா இருந்திருப்பா? புருசன் வரட்டும்னு அடுப்பு மூட்டாம உக்காந்திருந்தாளாமா?"

பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சிலோன் மாமா தலையைச் சொறிந்தார். அப்பா யோசித்துவிட்டு, "அப்பிடீன்னா ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. முகாம்ல குடிச்சதை ஊட்டுல குடிப்பான். நான் சனிக்கெழமை ஊட்டிக்குப் போறதுல மாத்தமில்ல" என்றார்.

உலகம் இப்படி ஏறாமல் இறங்காமல் நின்றுவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. "வெலிங்டன்ல நான் பாத்தேனுங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு மாதம் முன்பு அப்பா கோசு மூட்டை இறக்குகிற கூலிக்கு வெலிங்டன் பட்டாள முகாமுக்குப் போனபோது என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கே நான் பார்த்தது ஒரு கேட், ஒரு காவல்காரர், ஒரு நாய். நாய் மட்டும்தான் என்னிடம் வந்தது.

"என்ன கண்ணு பாத்தே?" என்றார் பெரியப்பா, சாட்சி கிடைத்த சந்தோஷத்தில்.

"அண்டாவுல டீ காச்சுவாங்க பெரியப்பா. ஆளுக்கு ஒரு பெரிய மக்கு. காலையில ரெண்டு தடவ, மத்தியானம், சாயங்காலம், அப்பறம் ராத்திரிக்கு."

"எம்மாம் பெரிய அண்டா?" என்றார் சிலோன் மாமா. விடுகிறவர் இல்லை.

"நான் உள்ள எறங்கி நிக்கலாமுங்க."

"நீ நின்னியாக்கும்?"

"இல்லீங்க. அதுல டீ இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். சிலோன் மாமா சிரிக்கவில்லை. "செரிப்பா, முகாம்ல அண்டாவுலதான் குடிக்கான். ஊட்டுக்குப் போனா விட்டுருவானா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாய்தான் இருந்தது. "ஒரு சிப்பாய்கிட்ட நான் கேட்டேனுங்க. ஊட்டுக்குப் போனா நாங்க காப்பிதான் குடிப்போம்னு சொன்னாரு."

காப்பி என்கிற எதிரியை அதுவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. "ரஷ்யாவுல காப்பி உண்டுங்களா?" என்று ஒருவர் கிளார்க்கைக் கேட்டார். பேப்பரில் அதைப் பற்றி எதுவும் போடவில்லை என்று அவர் சொன்னார். போடாததே சந்தேகமாக இருக்கிறது என்றார் பெரியப்பா. ஜனாதிபதிக்கு ஒரு கார்டு எழுதிப் போடலாம், சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாகிவிட்டால் ஆளுக்கு ஒரு பாக்கெட் டீத்தூளாவது கொடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார். எந்த பாஷையில் எழுதுவது என்பதில் அது நின்றுபோனது.

சிலோன் மாமா கடைசியாக அப்பாவிடம் திரும்பினார். "தம்பி, நீங்களுந்தானே அன்னிக்குப் போனீங்க? பையன் சொல்றது மெய்யா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நான் மூட்டை எறக்கீட்டு இருந்தனுங்க" என்றார் அப்பா. "பையன் உள்ள எட்டிப் பாத்திருப்பான்."

என் அதிர்ஷ்டத்தை நினைத்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் மூட்டை இறக்கிய நேரம் முழுக்க நான் அவர் காலடியில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

லாரி வந்தது. ஈரக் கொழுந்துக்காகக் கிளார்க் வழக்கமாக மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பார். அன்றைக்கு ஒன்றரைக் கிலோ கழித்தார். கேட்டதற்கு, "ஒலக நெலவரம் செரியில்லீங்க" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவ்வளவு நேரம் அதைத்தானே எல்லாரும் பேசினார்கள்.

சனிக்கிழமை அப்பா ஊட்டிக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை பொங்கலுக்கு உதவியது. அடுத்த மாதம், பொங்கல் கழிந்து, விலை சொன்னார்கள். இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. பெரியப்பா அசரவில்லை. ரஷ்யா பெரிய நாடு, சிப்பாய்கள் இன்னும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள், ரயிலில் இருப்பார்கள், ரயிலில் டீதான் கிடைக்கும் என்றார். அந்த வருடம் முழுக்க அவர்களை அவர் ரயிலைவிட்டு இறங்க விடவில்லை. தன் மகனையும் விடுதியை விட்டுக் கூட்டி வரவில்லை. அவன் பனியை உடைத்துக் குளித்து, உப்புமாவைத் தின்று, பிறகு பாங்கில் சேர்ந்தான்.

நான் மஞ்சூரிலேயே ஆறாவது சேர்ந்தேன். ஏழாவதில் பாதிக்குமேல் போகப் பிடிக்கவில்லை. ஒரு காய்கறி லாரியில் ஏறி மேட்டுப்பாளையம் போனேன், அங்கிருந்து இன்னோர் ஊர். பச்சைத் தண்ணீரில் காலை நாலு மணிக்கே குளிக்க வேண்டிய வேலைகள் பிறகு நிறையக் கிடைத்தன. உப்புமா எல்லா நாளும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. கேட்டதைத்தான் அம்மன் கொடுத்தாள்.

அந்த வியாழக்கிழமை கொட்டகையிலிருந்து வீட்டுக்குத் திரும்பியதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கொட்டகையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே ஏற்றம். அம்மா அடுப்பு மூட்ட முன்னால் போய்விட்டாள். நானும் அப்பாவும் பின்னால் நடந்தோம். முதல் திருப்பத்தில் அப்பா நின்றார்.

"அண்டா பெருசா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

கொஞ்ச தூரம் நடந்தோம். பைப்படிக்குப் பக்கத்தில் மறுபடி நின்றார்.

"காப்பின்னுதான் சொன்னானா அந்தச் சிப்பாய்?"

"ஆமாங்கப்பா."

எங்கள் வேலிப் படலைத் திறக்கும் முன் இன்னொரு தடவை நின்றார். என் தலையில் ஒட்டியிருந்த ஒரு கொழுந்தை எடுத்துப் போட்டார்.

"வேற ஏதாச்சும் எங்கிட்டச் சொல்லணுமா சாமி?"

நான் நன்றாக யோசித்தேன். அண்டா, மக்கு, காப்பி, எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"இல்லீங்கப்பா."

"செரி" என்றார். உடனே படலைத் திறக்கவில்லை. சற்று நேரம் அதைப் பிடித்தபடியே நின்றார்.

அறுபது கிலோ மூட்டையோடு அந்த ஏற்றத்தில் ஒரே மூச்சில் போகிறவர் அப்பா. அன்றைக்கு வெறுங்கையோடு மூன்று இடத்தில் நின்றுவிட்டார். விலை விழப்போகிற கவலையில் அவருக்குக் கால் ஓய்ந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, அவர் கைக்குக் கீழே குனிந்து, படலைத் தள்ளித் திறந்து நான் உள்ளே ஓடினேன்.