பூதத்துக்கு வைத்த பெயர்

பணி ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் ஓர் எழுத்து விளையாட்டு எனக்குப் பழக்கமானது. படம் கிடையாது, ‘வடக்கே போ’, ‘அடி’ என்று தட்டினால் கதை நகரும். கோட்டையில் புதையல் காக்கும் பூதத்தைக் கொல்ல வேண்டும். சொற்களை யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்று அதைச் செய்தவர் விட்டிருந்தார்.

நான் கோட்டையைத் திருநள்ளாற்றுப் பக்கத்து எங்கள் வயலாக்கினேன். புதையல், எனக்கும் தம்பிக்கும் பொதுவான மோட்டார் கொட்டகையின் சாவி. பூதத்துக்குத் தம்பியின் பெயரை வைத்தேன். என் தண்ணீர் முறைக்கு அவன் சாவி தராமல் இழுத்தடித்த கோபம். அவன் திக்கிப் பேசுவதைக்கூட எழுதி, ஆட்டத்தின் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் தம்பி போன் செய்தான். நிறுத்தி நிறுத்திக் கேட்டான்.

“வெளையாடிப் பாத்தேண்ணே. ‘பேசு’ன்னு போட்டா புரியலைன்னு வருது. அடிக்க மட்டுந்தான் முடியுமா?”

“அது ஆட்டத்தோட விதிடா. நான் பேரத்தான் மாத்துனேன்.”

“சரிண்ணே.”

சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டான். அதன்பின் அவன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆட்டத்தில் ‘பேசு’ என்பதைச் சேர்க்க உட்காருகிறேன், எழுகிறேன், மறுபடி உட்காருகிறேன். விதியை மாற்ற எனக்குத் தெரியவில்லை. போனில் அவன் எண்ணை எடுக்கிறேன், அழைக்காமலே வைத்துவிடுகிறேன்.