கடைசி சைக்கிள்

என் அக்கா வீட்டுக்காரரை, அதாவது எங்கள் அத்தானை, அவர் வேலை பார்க்கும் சைக்கிள் கடையில் எல்லோரும் ‘கடைசி வண்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பனி உருகியதும் சுற்றுலாக்காரர்களோடு மலை உச்சியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் சைக்கிளில் இறங்குவதுதான் அவர் பிழைப்பு. முன்னால் வழிகாட்டி, நடுவில் வந்தவர்கள், கடைசியில் அத்தான். யாரையும் முந்தக் கூடாது. பஞ்சர் ஆனால் ஒட்டி, பயந்தவரைத் தேற்றி, விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, எல்லோரையும் முன்னே அனுப்பிவிட்டுத்தான் அவர் வரவேண்டும். பாதைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம், அதன் அடியில் பச்சையாய் ஒரு ஏரி. அதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அத்தான் பார்த்ததெல்லாம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத்தான்.

வலது முழங்கால் தேய்ந்து வெகு நாளாயிற்று. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவார். “இந்த வேலையை விட்டுத் தொலைங்களேன்” என்று அக்கா கரடியாய்க் கத்துவாள்.

“இந்த ஒரு சீசன் மட்டும்மா. நான் இல்லன்னா அவங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி” என்பார். மனதார நம்பித்தான் சொல்வார், பாவம்.

நான் அந்தக் கடையில் சைக்கிள் கழுவுகிறேன். நேற்று மாலை வேன் திரும்பியது. எல்லாச் சைக்கிள்களும் இறங்கின, அத்தானுடையதைத் தவிர.

“அத்தான் எங்க?” என்று டிரைவரிடம் கேட்டேன்.

“பின்னாடி உக்காந்திருப்பாரு. எல்லாரும் வந்தாச்சே.”

“வந்தாச்சுன்னு யார் சொன்னா?”

தினமும் அதைச் சொல்வது அத்தான்தான். கடைசியாக வந்து, வேன் கதவைத் தட்டி, “எல்லாரும் வந்தாச்சு” என்பார். வண்டி கிளம்பும். நேற்று வந்தவர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று பறந்தார்களாம். வழிகாட்டி தலைகளை எண்ணினாராம், சரியாக இருந்ததாம். இருக்காதா பின்னே? அந்தக் கணக்கில் அத்தானின் தலை என்றைக்குமே கிடையாது.

மலையில் போன் எடுக்காது. தகவல் கேட்டு அக்கா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு வேன் மறுபடி மலைக்குக் கிளம்பும் நேரத்தில், ஒரு விறகு லாரி வாசலில் வந்து நின்றது. அத்தான் காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். சைக்கிளைக் கைத்தடி போல ஊன்றிக்கொண்டார்.

“முட்டி மடங்கிடுச்சு. பாதையிலயே உக்காந்துட்டேன். யாராவது திரும்பி வருவாங்கன்னு பார்த்தேன். அப்புறம் நொண்டிக்கிட்டே ரோட்டுக்கு வந்து இந்த லாரியை நிறுத்தினேன்.” குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அசதி. “அந்த ஏரி நல்லாத்தான் இருக்கு.”

பிறகு, பழக்க தோஷம், டிரைவரைப் பார்த்து, “எல்லாரும் வந்தாச்சா?” என்றார்.

டிரைவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “இப்பத்தாங்க வந்தாச்சு” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

அத்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளை என்னிடம் தள்ளினார்.

“கழுவிட்டு யாருக்காவது குடுத்துடும்மா.”