மகளுக்காகப் பிடித்து வைத்த ஆட்டக்காரன்

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், ஒன்பது பேருக்கு முன்னால் வாயைத் திறந்து பேசினேன். ஒரே ஒரு வாக்கியம்தான். அதோடு என் மகள் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை!

மகள் நித்யா சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் அறை எடுத்து இருக்கிறாள். வேலை கிடைத்துப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நான் மெல்பர்னில், கிரான்பர்னில். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. அவள் வீட்டுக்கு வரும்போது நான் கிடங்கு வேலைக்குக் கிளம்பியிருப்பேன். நான் வரும்போது அவள் போயிருப்பாள். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் துண்டுச் சீட்டில்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது.

இந்த லட்சணத்தில் மகளின் ஞாயிற்றுக்கிழமை போன் என்பது... எப்படிச் சொல்ல?

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"அங்க குளிரா?"

"ம்."

அதற்கப்புறம் எனக்குக் கேள்வி கிடைக்காது. பிளஸ் டூவோடு நின்றவன் நான். அவள் ஆபீசில் என்ன செய்கிறாள் என்பதே பாதிதான் புரியும். "சரிப்பா" என்பாள். வைத்துவிடுவோம்.

ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். "அப்பா, எங்க லீக்ல ஒரு ஆள் குறையுது. உங்க பேரைப் போட்டுக்கறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

லீக் என்றால், அமெரிக்கக் கூடைப்பந்தை வைத்து இவள் நண்பர்கள் போனில் ஆடும் விளையாட்டு. பத்துப் பேர் வீடியோ காலில் உட்கார்ந்து, வரிசைப்படி ஒவ்வொரு நிஜ ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. அவர்கள் அங்கே மைதானத்தில் போடும் புள்ளி இங்கே நம் கணக்கில் சேரும். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "கெத்து" என்றாள்.

ஒன்றும் பண்ண வேண்டாம் என்றால் விட்டுவிடுவேனா? பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கிறதே! நோட்டுப் போட்டுப் படித்தேன். ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தேன் - யார் லீவு போடாமல் ஆடுகிறார்? கிடங்கில் பதினோரு வருடம் ஆள் வருவதையும் வராததையும் பார்த்தவனுக்கு அதுதானே தெரியும்?

அந்த ஞாயிறு, என் முறை வரும்போதெல்லாம் அப்படிப்பட்டவர்களையே எடுத்தேன். முப்பத்தைந்து வயதில் பந்தை அழகாகக் கைமாற்றிக் கொடுக்கும் ஒருவர். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதை மட்டுமே தொழிலாகச் செய்யும் ஒரு மலை மனிதர்.

"அப்பா, இது டீமா, ரிட்டயர்மென்ட் ஹோமா?" என்றாள் நித்யா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மைக்கை அணைத்து வைத்துவிட்டு.

"இவங்கல்லாம் எங்க போயிடுவாங்கப்பா? கடைசி ரவுண்டுலயும் இருப்பாங்க. அப்ப எடுத்துக்கலாம்ல?"

அவள் சொன்னது விளையாட்டைப் பற்றித்தான். எனக்கு ஏனோ கொஞ்ச நேரம் திரையே தெரியவில்லை.

அவள் எடுத்ததெல்லாம் இளசுகள். இன்னும் எதையும் செய்து காட்டாதவர்கள். செய்தால் பெரிதாகச் செய்வார்களாம். அதற்கு 'அப்சைட்' என்று பேர். அதிலும் பத்தொன்பது வயதில் ஏழடி உயரத்தில் ஒருவன் மேல் அவளுக்கு முதலிலிருந்தே கண். "அவன் என்ன ஆவான்னு யாருக்குமே தெரியாதுப்பா. அதான் மேட்டர்" என்று முந்தின வாரமே சொல்லியிருந்தாள்.

ஐந்தாவது சுற்று. என் முறை. எனக்கு அடுத்து அவள் நண்பன் கஜன், யாழ்ப்பாணத்துப் பையன். அவனுக்கு அடுத்துத்தான் நித்யா.

"அந்த ஏழடி நெடுவல் எனக்குத்தான்" என்று கஜன் கையைத் தேய்த்தான்.

நித்யாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். அவ்வளவுதான்... பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துப் பழகிய கை. அந்தப் பையன் பேரை அமுக்கிவிட்டு, மைக்கையும் திறந்து, பெருமையாகச் சொன்னேன்: "உனக்குத்தான் பிடிச்சு வச்சிருக்கேம்மா! அப்புறமா வாங்கிக்க!"

கஜன் கையைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

பிறகு அவன்தான் சொன்னான். "அங்கிள், குறை நினைக்காதீங்கோ. குடும்பத்துக்குள்ள ஆளை மாத்திறதெண்டா பிறகு எங்களுக்கு என்னத்துக்கு லீக்?"

சும்மா தூக்கிக் கொடுப்பது கள்ள ஆட்டமாம். மற்றவர்கள் ஓட்டுப் போட்டுத் தடுத்துவிடுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்?

"நான் கேக்கவே இல்ல" என்றாள் நித்யா, அவர்களிடம். பிறகு என்னிடம், "உங்க டீம். நீங்களே வச்சுக்கோங்க."

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. நான் அடித்தேன். 'பிஸிப்பா' என்று மெசேஜ் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அதே.

அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் நமக்குப் பகல். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிடங்கின் பின்பக்கம் காருக்குள் உட்கார்ந்து தயிர்சாதத்தோடு பார்ப்பேன். அந்த நெடிய பையனை ஆட இறக்கவே மாட்டார்கள். முழங்காலில் ஏதோ வலியாம். கோட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, யார் புள்ளி போட்டாலும் கை தட்டுவான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் தினமும் முகம் பார்த்த ஒரே ஆள் அவன்தான்.

என் கிழட்டு டீம் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் மூன்றாம் இடம். மகள் எட்டாம் இடம். அவளுடைய இளசுகளில் இரண்டு பேருக்கு அடி.

போன சனிக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டியா என்று கேட்பதற்குள், "அப்பா, ஒரு ஃபேர் ட்ரேட். அந்தப் பையனையும் உங்க மலை மனுஷனையும் தாங்க. நான் ரெண்டு நல்ல ஆள் தர்றேன். யாரும் தப்பு சொல்ல முடியாது" என்றாள்.

எடுத்துக்கோம்மா - நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். கொடுத்துவிட்டால்? 'தேங்க்ஸ்ப்பா' என்பாள். வைத்துவிடுவாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"யோசிக்கணுமா? நீங்களா?" சிரித்தாள். பிறகு வாதாடினாள். நான் மறுத்தேன். பேரம் எங்கெங்கோ போனது. மேனேஜர் மாறிவிட்டாராம், கூட இருந்த பெண் அறையைக் காலி செய்துவிட்டாளாம். "வீட்ல பேச ஆளே இல்லப்பா" என்றாள்.

"இங்கயும் அதே கதைதான்" என்றேன்.

அதற்கப்புறமும் போனை யாரும் வைக்கவில்லை.

நம்பகமான ஆளா, நாளைக்கு வளரப்போகிற ஆளா என்று கேட்டால் எனக்கு இன்னமும் பதில் தெரியாது. ஆனால், புதன்கிழமை அவள் மறுபடி கூப்பிட்டாள்.

விலையை ஏற்றிவிட்டேன்.