நாலு சக்கரத்துக்கு நாலு தராசு

உங்கள் அம்மா என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்வதை நீங்கள் இருவரும் கேட்டிருக்கிறீர்கள். அது பொய்யில்லை. பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, நூல் மில்லில் மெஷின் பராமரிப்பு வேலைக்குப் போனவன் நான். ஓடுகிற மெஷின் பக்கத்தில் காதை வைத்து, எந்த பேரிங் நாளைக்குப் போகும் என்று கண்டுபிடிப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் உடனே அங்கே போய்ப் பார்க்கத் தோன்றும். மெஷினுக்கு இந்தக் குணம் நல்லது. அதையே மனுஷனிடம் காட்டினேன். அந்தக் கதையை மறைக்காமல் எழுதுகிறேன்.

வாசலில் நிற்கிற வெள்ளை நிற எண்ணூறு சிசி கார், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டி. சத்தியமங்கலத்தில் ஒரு வாத்தியார் வைத்திருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தான். ஐ.டி.ஐ.யில் நானும் அவனும் ஒரே பெஞ்சு.

"பாடி நேரா இருக்குது மாப்ள. நூல் புடிச்சுப் பார்த்துட்டேன். எங்கயும் அடி வாங்கல," என்றான்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒரு பந்தயத்திலாவது ஓட்டிவிட வேண்டும். பெரிய டிராக்கெல்லாம் நமக்கு எட்டாது. மைதானத்து மண்ணில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு வண்டியாக விட்டு, நேரம் பார்க்கிற பந்தயம் ஒன்று நடக்கும். சின்னக் கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. புது ஆட்களும் பெயர் கொடுக்கலாம். நான் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் வேலை நடந்தது. பின் சீட்டைக் கழற்றினோம். தரை விரிப்பு, கதவு உள்தகடு, மேல்கூரைத் துணி எல்லாவற்றையும் உரித்தோம். தரைக்கு அடியில் சத்தம் வராமலிருக்கத் தார் அட்டை ஒட்டியிருப்பார்கள். அதை உளியால் தட்டித் தட்டிப் பெயர்த்தே எனக்கு இரண்டு ஞாயிறு போனது. ஆள் உட்காரும் இடத்தைச் சுற்றி நண்பன் இரும்புக் குழாயில் கூண்டு பற்றவைத்தான். பழைய இரும்புக் கடையில் எடுத்த சீட்டு. ஸ்பிரிங் புதிதாக வாங்க வழியில்லை, இருந்ததையே வைத்துக்கொண்டு, உயரம் கூட்டிக் குறைக்க லேத்தில் வளையங்கள் கடைந்து ஸ்பிரிங்குக்கு மேலே போட்டான். எதற்கும் என்னிடம் கூலி கேட்கவில்லை. நானோ அவன் கடைந்த ஒவ்வொரு வளையத்தையும் அவன் டீக்குப் போன நேரத்தில் அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. அதுவும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கடைசியாகப் பார்க்க வேண்டியது எடை. நாலு சக்கரமும் தரையை எவ்வளவு பாரத்தில் அழுத்துகின்றன என்று தெரிய வேண்டும். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பும். பணக்காரக் குழுக்கள் இதற்கென்றே கருவி வைத்திருக்கிறார்கள். நமக்கு உங்கள் பல்லடத்து மாமா இருந்தார்.

மாமாவின் கோழிப் பண்ணைக்குக் கறிக்கோழி பிடிக்க வரும் வியாபாரி, தன் மேடைத் தராசு மூன்றைப் பண்ணையிலேயே விட்டுவைத்திருப்பார். மாமா அவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலாவது தராசு பட்டறையில் இருந்தது. லேத்தில் விழும் இரும்புச் சுருளை எடை போட்டு விற்க நண்பன் வைத்திருப்பது.

தரை மட்டம் பார்த்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசுகளை வைத்தோம். முன் வலது சக்கரத்துக்கு நண்பனுடைய தராசு. மற்ற மூன்றுக்கும் வியாபாரியுடையவை. முன் இடது நூற்று அறுபத்து நாலு காட்டியது. முன் வலது நூற்று எண்பது. பின்னால் இரண்டும் நூற்றுக்குப் பக்கத்தில், ஒரு கிலோதான் வித்தியாசம்.

"முன்னாடி பதினாறு கிலோ எப்படி ஏறுச்சு?" என்றேன்.

நண்பன் தலையைச் சொறிந்தான். வலது பக்க வளையத்தைக் கழற்றி மெல்லியதாகக் கடைந்து போட்டான். முன்னால் இரண்டும் நூற்று எழுபத்திரண்டுக்கு வந்தன. பார்த்தால் பின்னால் கோணிக்கொண்டது. இடது தொண்ணூற்றிரண்டு, வலது நூற்றைந்து. வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். முன்பைவிட மோசம். ஒரு பக்கம் வெடுக்கென்று திரும்பியது. மறுபக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் நேராகவே போனது.

முன்னால் சரிசெய்தால் பின்னால் கோணுகிறது. அப்படியென்றால் பாடியே முறுக்கிக்கொண்ட வண்டி. எங்கோ விழுந்து எழுந்ததை நிமிர்த்தி என் தலையில் கட்டிவிட்டார்கள். இதெல்லாம் நானாக நினைத்துக்கொண்டது. அவன் உண்மையிலேயே நூல் பிடித்துப் பார்த்தானா? வாத்தியாருக்கும் அவனுக்கும் என்ன பழக்கம்? நேராகக் கேட்டிருக்கலாம். நம் பக்கத்தில் கேட்கமாட்டோம். முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, ஆள் இல்லாதபோது குனிந்து பார்ப்போம். அடுத்த வாரம் அவன் மேட்டுப்பாளையம் போயிருந்த நேரம் பட்டறைக்குப் போய், நானே நூல் கட்டி அளந்தேன். வண்டி நேராகத்தான் இருந்தது. ஒரு நூலிழைகூடப் பிசகில்லை.

பாடி இல்லையென்றால் தராசு. அதற்கடுத்த ஞாயிறு காலை, நண்பனுடைய தராசை முன் இடது பக்கத்துக்கு மாற்றி வைக்கச் சொன்னேன். இப்போது இடது பக்கம் எகிறியது. அதை எங்கே வைத்தாலும் அங்கே எடை கூடியது. மற்ற மூன்றையும் தங்களுக்குள் மாற்றினால் எந்தச் சக்கரத்துக்கும் எண் மாறவில்லை.

மூன்று ஒன்றாகச் சொல்கிறது. ஒன்று மட்டும் வேறு மாதிரி சொல்கிறது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. வர வேண்டிய ஒரே இடத்தில் வரவில்லை.

மாமாவும் அங்கேதான் நின்றார். நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "ஏன் மாப்ள, இந்தத் தராசுலதான் இரும்பு எடை போட்டு விக்கறயா?"

மாமா சும்மா இருக்கவில்லை. "அதுதானுங்களா! லேத்த வச்சுட்டு மாடி ஊடு எப்படிங்க கட்டுனாருன்னு நானும் ரோசன பண்ணிட்டே இருந்தனுங்க."

நண்பன் கைத்துணியில் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். பிறகு தன் தராசின் வயரைப் பிடுங்கி, அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

"வண்டிய எடுத்துக்குங்க. எங்கிட்ட இருக்கறது சரியில்லாத தராசுங்க. உங்களுக்கு எதுக்குங்க வம்பு?"

நானும் அவனும் பழகிய இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. வசவு வாங்கியிருக்கிறேன். இது வசவைவிட மோசமாக இருந்தது. பந்தயம் முடியும்வரை இருக்கட்டும் என்று மாமா விட்டுவைத்த அந்த மூன்று தராசையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

"ஏனுங்க, கூலியில்லாம வேல செஞ்சு குடுத்த மனுசன, எங்கண்ணன் முன்னாடி வச்சு அப்படிக் கேட்டீங்களா?" என்றாள் உங்கள் அம்மா.

"தமாசாத்தான் கேட்டேன்."

"உங்க தமாசு எனக்குத் தெரியாதுங்களா?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேஸ் சிலிண்டர் வந்தது. நான் ஷிஃப்ட் முடிந்து வீட்டில் இருந்தேன். தராசு பக்கத்தில் இருக்கும்போது சும்மா விடுவேனா? சிலிண்டர் கழுத்தில் காலி எடை அடித்திருக்கும். அதோடு கேஸ் எடையைக் கூட்டினேன். முப்பது வர வேண்டும். தராசில் வைத்தால் இருபத்தேழு கிலோ அறுநூறு கிராம் காட்டி நின்றது.

"என்னப்பா, ரெண்டரை கிலோ எங்க போச்சு?" என்று சிலிண்டர் கொண்டுவந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பதறவே இல்லை. "சீல் இருக்குதுங்க பாருங்க," என்று தன்னுடைய கொக்கித் தராசை எடுத்து மாட்டித் தூக்கிக் காட்டினார். முப்பது. "அண்ணா, தராசு எந்தக் கடைலீங்க வாங்குனீங்க? அந்தக் கடைக்கு எங்க மாமனார அனுப்பி வெக்கறேன், எடை கொறையோணும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

ஆட்டோவில் இருந்த இன்னும் இரண்டு சிலிண்டர்களை இறக்கச் சொல்லி வைத்துப் பார்த்தேன். மூன்று தராசிலும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே அளவு குறைந்தது. அவர் போன பிறகும் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றும் ஒரே ஆளுடையவை. ஒரே கையால் திருகி வைத்தவை. பிறகு ஒன்றாகச் சொல்லாமல் எப்படிச் சொல்லும்? பட்டறையில் நூற்று எண்பது காட்டிய அந்த ஒன்றுதான் உண்மையைச் சொல்லியிருந்தது.

மறுநாள் சிலிண்டரை அப்படியே காரில் கட்டி ஏற்றிக்கொண்டு பெரியநாயக்கன்பாளையம் போனேன். வளைவுக்கு வளைவு வண்டி கோணிக்கொண்டு போனது, நான் பண்ணிய வேலை.

நண்பன் லேத்தை நிறுத்தவில்லை. "வாங்க. என்ன சோலியா வந்தீங்க?" என்றான், கடைசலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பதில் சொல்லாமல் சிலிண்டரை இறக்கி அவனுடைய தராசில் வைத்தேன். முப்பது காட்டியது. கிராம் பிசகவில்லை. "தப்பாச் சொல்லிப்போட்டேன் மாப்ள. அந்த மூணும்தான் திருட்டுத் தராசு."

அவன் தராசின் எண்ணைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "இதுக்குச் சாட்சிக்கு சிலிண்டரக் கூட்டியாந்தீங்களாக்கும். நான் சொன்னா நம்பமாட்டீங்க, சிலிண்டர் சொன்னா நம்புவீங்க."

அவன் சொன்னது சரி. வருகிற வழியெல்லாம் சிலிண்டரைக் கொண்டுவருவதை ஒரு நல்ல யோசனை என்றே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"உங்க மச்சான் முன்னாடிதானுங்க கேட்டீங்க. அவரு முன்னாடியே சொல்லிப்போடுங்க," என்றான்.

மாமாவுக்குப் போன் போட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். உங்கள் கோழியெல்லாம் குறைத்து எடை போட்டுத்தான் போகிறது என்றேன். மாமா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அது தெரியுமுங்க மாப்ள," என்றார் அமைதியாக. "அந்தாளு தராசுல கொறைக்கறாருங்க. நானும் வண்டி வர்றதுக்கு முன்னாடி கோழிக்கெல்லாம் தீனி போட்டு, வகுறு முட்டத் தண்ணி காட்டிப்போட்டுத்தானுங்க ஏத்தி உடறேன். அவருக்கும் அது தெரியும். அக்கட்டயும் இக்கட்டயும் சரியாப் போயிருதுங்க."

நண்பன் போனுக்குப் பக்கத்தில் வந்தான். "ஏனுங்க, இதெல்லாம் தெரிஞ்சு வச்சுட்டேதானுங்களா அன்னிக்கு என் மாடி ஊட்டச் சொன்னீங்க?"

அந்தப் பக்கம் மாமா கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "தமாசுக்குச் சொன்னனுங்க. மனசுல வச்சுக்காதீங்க," என்றார் மாமா.

நண்பன் லேத்தை நிறுத்தினான். நேராக என்னிடம் வந்தான்.

"பந்தயத்துக்குக் குடுத்த பேர அடிச்சுப்போட்டு என் பேர எழுதுங்க. வண்டி நேரா, கோணலான்னு நான் ஓட்டித்தான் தெரியோணும். நீங்க ஓட்டி, ஏதாச்சும் ஆச்சுன்னா, திரும்ப ராத்திரியெல்லாம் என்னத்தான் நெனச்சுட்டுப் படுத்துருப்பீங்க."

அந்த ஓர் ஆசைக்குத்தான் தார் அட்டையைப் பெயர்த்து விரல் நகமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. சரி என்றேன்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தான். நாலு தராசு தேவையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவனுடைய ஒரே தராசை ஒரு சக்கரத்துக்கு அடியில் வைத்து, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்தில் மரக்கட்டை கொடுத்தான். ஒவ்வொரு சக்கரமாக மாற்றி மாற்றி எடுத்தோம். முதலில் கடைந்த பழைய வளையத்தைத் திரும்பப் போட்டதும், முன்னால் நூற்று எழுபத்தெட்டும் நூற்று எண்பதுமாக வந்து நின்றது. முதல் நாளே வண்டி சரியாக இருந்திருக்கிறது.

பந்தயத்தன்று காலை, சரிபார்க்கும் மேஜையில் என் பெயரை அடித்து அவன் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஹெல்மெட் அவன் தலைக்குள் போக மறுத்தது. உங்களுக்குத்தான் தெரியுமே, அவன் தொண்ணூற்று நாலு கிலோ. நான் உளியால் தட்டித் தட்டிக் குறைத்த எடை முழுவதும் அவன் உள்ளே உட்கார்ந்ததும் திரும்ப வந்துவிட்டது.

"வியாபாரி தராசுல ஏறிப்போட்டு வந்திருந்தா எம்பத்தாறுதான்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். செம்மண் புழுதியில் வண்டி இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி வளைந்தது. ஒரு கூம்பைக்கூடத் தொடவில்லை. அந்தப் பிரிவில் பதினாலு வண்டிகள். எங்களுடையது ஏழாவது. நானாக இருந்தால் கூம்பெல்லாம் சாய்ந்திருக்கும் என்று இப்போதும் உங்கள் அம்மா சொல்கிறாள்.

இறங்கி வந்து ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தான். முகமெல்லாம் செம்மண்.

"வண்டி நேரா இருக்குது," என்றான்.

"தெரியும் மாப்ள."

"தெரியுமா? எப்பத் தெரிஞ்சுது? நூல் புடிச்சுப் பார்த்தப்பயா?"

நான் அவனுக்குத் தெரியாமல் நூல் கட்டியது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டறைக்குள் என் நூல்கண்டை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அன்றைக்கே 'ங்க' போய்விட்டது. டீக்கடையில் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான், நானும் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் இன்னும் போகவில்லை. நான் பட்டறையில் இருக்கும்போது இரும்புச் சுருள் வாங்க யாராவது வந்தால், மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறான். "வந்து பார்த்துக்க மாப்ள" என்கிறான். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.